எத்தனை வெள்ளி பெறும்?

ஜார்ஜ் டவுன் நகரம் 2008-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது முதல், நம்மவர்களுக்குப் பழைய பொருள்கள்மீது ஒரு புதுப் பாசம் பிறந்திருக்கிறது. முன்பெல்லாம் லோரோங் கூலிட் சந்தையில் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு வந்த பித்தளைச் செம்பையும், கை சுற்றும் தையல் இயந்திரத்தையும், நின்றுபோன சுவர்க் கடிகாரத்தையும் இப்போது துடைத்து வைத்துக்கொண்டு, "இது எத்தனை வெள்ளி பெறும்?" என்று கேட்கிறார்கள். கேட்கட்டும், தவறில்லை. இத்தனை நாள் மூலையில் கிடந்த பொருளுக்கு இப்போதாவது ஒரு மரியாதை கிடைக்கிறதே!

ஆனால் விலை கேட்பவர்களிடம் வியாபாரிகள் திருப்பிக் கேட்கும் ஒரு கேள்வி உண்டு. "அசல்தானா? யாராவது கை வைத்திருக்கிறார்களா?" என்பதுதான் அது. யாரும் கை வைக்காத பொருள்தான் அசல், கை வைத்துவிட்டால் மதிப்பு போயிற்று என்பது பொதுவான எண்ணம். இந்த எண்ணம் எல்லா இடத்திலும் செல்லுமா என்று யோசிக்கும்படி ஒரு பொருள் சென்ற ஆண்டு என் பார்வைக்கு வந்தது. அது குத்துவிளக்கும் அல்ல, கடிகாரமும் அல்ல. ஒரு வேட்டைத் துப்பாக்கி.

தோட்டப் பள்ளியில் என்னிடம் படித்த பையன் ஒருவன். இப்போது பிறையில் லாரி ஓட்டுகிறான். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அவனுடைய தாத்தா செபராங் பிறையின் தென்பகுதியில் ஒரு தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட நாளில் காட்டுப் பன்றிகள் இளங்கன்றுகளைத் தோண்டித் தின்றுவிடும். அவற்றைச் சுடும் பொறுப்பு அவருடையது. பன்றி விழுந்த அன்று லயத்துக்கு லயம் கறி பங்காகும் என்று பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். தாத்தாவுக்குப் பின் அவன் தகப்பனார் தம் பெயருக்கு உரிமம் எடுத்து அந்தத் துப்பாக்கியை வைத்திருந்தார். அவரும் காலமாகிவிட்டார். உரிமம் என்பது ஆளுக்குத்தான். வீடு நிலம்போல அது பிள்ளைக்குத் தானாக வந்துவிடாது. ஆகவே காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும்.

"சார், ஒப்படைக்கிறதுக்கு முன்னால அதில இங்கிலீஷ்ல என்னென்னமோ எழுதியிருக்கு. அதை நீங்க படிச்சுச் சொல்லணும்" என்று வந்து நின்றான்.

அவன் கவலை அது மட்டுமல்ல. மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்லிக் குழப்பியிருந்தார்கள். ஜார்ஜ் டவுனில் பழம்பொருள் விற்கும் ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, "கட்டையை வெட்டிக் கெடுத்துவிட்டார்கள், இப்படியே என்றால் ஒன்றும் தேறாது. முழுக் கட்டை ஒன்று தேடிப் போட்டு, குழலுக்குப் புது மெருகு கொடுத்தால் வெளிநாட்டில் வாங்குவதற்கு ஆள் இருக்கிறது" என்றாராம். அவன் பெரியப்பாவோ, "துப்பாக்கி போனால் போகட்டும், அதிலுள்ள வெள்ளித் தகட்டை மட்டும் கழற்றிச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளலாம்" என்கிறார். பாட்டிக்கு இரண்டும் பிடிக்கவில்லை. அவர் எண்பது வயதைக் கடந்தவர். இது அந்தக் குடும்பத்துக்குச் சிறிய விஷயமல்ல. இரண்டு அண்ணன் தம்பி வீட்டார் பேச்சு வார்த்தை நின்றுபோகும் அளவுக்கு வந்துவிட்டது.

ஒப்படைக்கும் நாளில் நானும் கூடப் போனேன். பணியிலிருந்த அதிகாரி நல்ல மனிதர். தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, மேசைமீது வைத்து அளந்து பார்க்கவும் படமெடுக்கவும் அனுமதித்தார்.

முதலில் கண்ணில் பட்டது ஒரு முத்திரை. மூன்று துப்பாக்கிகளைக் கூம்பாகச் சாய்த்து வைத்த சின்னம். இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றும். நம் தோட்டங்களில் ஒரு காலத்தில் கிராணிமார் ஓட்டிய பி.எஸ்.ஏ. சைக்கிளில் இருந்த அதே சின்னம்தான். பர்மிங்ஹாம் நகரத்துத் துப்பாக்கிக் கொல்லர்கள் 1861-இல் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் அது. சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் பிறகு வந்தவை. பிரிட்டிஷ் படையினர் வைத்திருந்த லீ என்ஃபீல்டு துப்பாக்கியின் இயக்க முறையையே வைத்து, மெலிந்த குழலும் நேர்த்தியான மரக்கட்டையுமாக வேட்டைக்காரர்களுக்கென்று அந்நிறுவனம் செய்த ரகங்கள் உண்டு. இது அந்த வகை.

அடுத்தது குழலின் அளவு. படையில் வழங்கியது .303. இதிலோ .315 என்றிருந்தது. இதற்குக் காரணம் இருக்கிறது. படைகள் பயன்படுத்தும் .303 தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகலாகாது என்று பிரிட்டிஷ் இந்தியாவில் தடை இருந்தது. ஆகவே அதே துப்பாக்கியை, வேறு தோட்டா போடும்படி 8 மில்லிமீட்டர் குழலோடு இந்தியச் சந்தைக்கென்று செய்து அனுப்பினார்கள். அந்த .315 அளவில் இந்திய அரசின் படைக்கலத் தொழிற்சாலை பின்னாளிலும் வேட்டைத் துப்பாக்கிகள் செய்து வந்திருக்கிறது. ஆக, இந்தத் துப்பாக்கி முதலில் மலாயாவுக்கு வந்ததல்ல, இந்தியாவுக்குப் போனது என்று அளவே சொல்லிவிட்டது.

அதற்குச் சாட்சியாகக் குழலின் மேல் மூன்றாவது ஓர் எழுத்து. பி. ஆர் அண்ட் சன்ஸ், மதராஸ்! சென்னை மவுண்ட் ரோட்டில் மணிக்கூண்டோடு நிற்கும் அந்தக் கடிகாரக் கடையைப் பார்த்தவர்கள் நம் வாசகர்களில் பலர் இருப்பீர்கள். அக்காலத்தில் அவர்கள் கடிகாரமும் வெள்ளிச் சாமானும் மட்டுமல்லாமல் துப்பாக்கிகளும் விற்றார்கள். இங்கிலாந்தில் செய்து வந்தவற்றில் கடையின் பெயரைப் பொறித்து விற்பது வழக்கம். கல்கத்தாவில் மாண்டன் கம்பெனி செய்ததும் அதுதான். பெயரைப் பார்த்துவிட்டு, "மதராஸில் செய்தது" என்று எண்ணிவிடக்கூடாது. செய்தவர் ஒருவர், விற்றவர் ஒருவர். இரண்டு பெயரும் இருப்பதுதான் இவ்வகைத் துப்பாக்கிக்கு இயல்பு.

இனி, யாரேனும் குழலை மாற்றியிருப்பார்களா? பிரிட்டனில் விற்பனைக்கு வரும் ஒவ்வொரு துப்பாக்கியையும் கூடுதல் மருந்து போட்டுச் சுட்டுப் பார்த்து முத்திரை இடும் சோதனைச் சாலைகள் உள்ளன. லண்டனில் ஒன்று, பர்மிங்ஹாமில் ஒன்று. பர்மிங்ஹாம் சாலை 1813-இல் ஏற்பட்டது. அதன் முத்திரைகள் காலத்துக்குக் காலம் மாறியிருக்கின்றன. 1904 முதல் 1954 வரை கிரீடத்தின் கீழே என்.பி. என்று இருக்கும். 1954-க்குப் பிறகு பி.என்.பி. ஆகிவிட்டது. நாங்கள் பார்த்ததில் பழைய முத்திரையே இருந்தது. பின்னாளில் அங்கே போய்க் குழல் மாற்றி மறு சோதனை பட்டது அல்ல என்பதற்கு இது அடையாளம். உடலிலுள்ள எண்ணும் போல்ட்டின் எண்ணும் ஒன்றாகவே இருந்தன. வேறொன்றிலிருந்து எடுத்துப் பூட்டியிருந்தால் எண்கள் மாறும்.

மெருகு பல இடங்களில் தேய்ந்து வெளுத்திருந்தது. கையால் பிடித்துத் தூக்கும் இடத்தில் இரும்பு வெள்ளையாகவே தெரிந்தது. அதைப் பார்த்துப் பையன் முகம் வாடினான். நான் மகிழ்ந்தேன். ஏனென்றால் எழுத்துகளின் ஓரங்கள் கூர்மையாக இருந்தன. புது மெருகு கொடுப்பதற்குமுன் இரும்பைத் தேய்ப்பார்கள். அப்போது எழுத்தும் எண்ணும் முத்திரையும் மழுங்கிவிடும். பளபளவென்று மின்னும் பழைய துப்பாக்கியில் எழுத்து சோப்புக்கட்டியில் எழுதியதுபோல் கரைந்திருந்தால், அது மெருகுக் கடைக்குப் போய் வந்தது என்று தெரிந்துகொள்ளலாம். வியாபாரி சொன்ன யோசனை இந்தச் சாட்சிகளையெல்லாம் அழிக்கும் யோசனை. திருகாணிகளையும் பாருங்கள் என்பார்கள் விவரம் தெரிந்தவர்கள். பொருந்தாத திருப்புளியைப் போட்டு முறுக்கியிருந்தால் தலையின் பிளவு கிழிந்திருக்கும். இதில் ஒன்றிரண்டு கிழிந்திருந்தன. அறுபது ஆண்டு தோட்டத்தில் இருந்த பொருள், தோட்டத்துத் திருப்புளியைப் பார்க்காமல் இருக்குமா?

இதுவரைக்கும் அசல். இனி கை வைத்த இடங்களுக்கு வருவோம்.

தோளில் வைக்கும் பின்கட்டை வெட்டிக் குறைக்கப்பட்டிருந்தது. விசையிலிருந்து கட்டையின் முடிவு வரை அளந்தால் சாதாரணமாகப் பதினான்கு அங்குலத்தை ஒட்டி இருக்கும். இது பன்னிரண்டரைதான் இருந்தது. வெட்டிய முகத்தில், உதைப்பு தாங்குவதற்காகப் பழைய டயரிலிருந்து அறுத்த ரப்பர்த் துண்டு ஒன்று, இரண்டு திருகாணிகளால் பிடிக்கப்பட்டிருந்தது. லண்டன் கடைகளில் இதற்கென்றே சிவப்பு ரப்பர் மெத்தை செய்து விற்றார்கள். நம் தோட்டத்து ஒர்க்‌ஷாப்புக்கு டயர் போதுமானதாயிற்று. ரப்பரைப் பற்றி நமக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் துண்டு கல்லாக இறுகி, குறுக்கும் நெடுக்குமாக வெடித்திருந்தது. நேற்று வைத்ததல்ல என்பது தொட்டவுடன் தெரிந்தது. குழலின் நுனியில் குறி பார்ப்பதற்கான மணியும் மாற்றப்பட்டிருந்தது. பித்தளையில் யாரோ கையால் அராவிச் செய்தது. அந்தி நேரத்தில் பன்றி வரும். இருட்டில் கறுப்பு மணி தெரியாது, பித்தளை தெரியும்.

கட்டையின் வலப்புறத்தில் அந்த வெள்ளித் தகடு இருந்தது. தாத்தாவின் பெயர், ஊருக்குப் போகும் துரையின் நன்றி, 1961 என்ற ஆண்டு. மூன்றே வரி.

வெள்ளித் தகட்டை யார் வேண்டுமானாலும் அடித்துவிடலாம். பழைய துப்பாக்கிகளில் அதிகம் ஏமாற்று நடப்பது தகட்டில்தான் என்று சொல்வார்கள். ஆகவே இதைத்தான் கூடுதலாகச் சோதிக்க வேண்டியிருந்தது. முதலில் ஆண்டு. 1951 என்று இருந்திருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன். 1948 முதல் 1960 ஜூலை வரை அவசரகாலம். உரிமமில்லாத ஆயுதத்தோடு பிடிபட்டால் தூக்கு என்று இருந்த நாள்களில், தோட்டத்துக் கிராணி ஒருவருக்கு இத்தகைய துப்பாக்கி கொடுக்கப்பட்டது என்பது எளிதில் ஏற்கக்கூடியதல்ல. அதற்கு முன்னே ஜப்பானியர் ஆட்சி. 1941-க்கு முந்திய துப்பாக்கி எங்கள் குடும்பத்திலேயே இடையறாது இருந்தது என்று யாராவது சொன்னால், எங்கே ஒளித்து வைத்தீர்கள் என்று கேட்கத்தான் வேண்டும். 1961 இந்த இரண்டு தடைகளையும் தாண்டிய ஆண்டு. அந்தத் துரை இந்திய விடுதலைக்குப் பிறகு தென்னிந்தியத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இங்கே மாறி வந்தவர் என்பது பாட்டிக்குத் தெரிந்திருந்தது. துரைசாணிக்குத் தமிழ் நன்றாக வரும், அதுவும் ஆனைமலைத் தமிழ் என்று சொல்லிச் சிரித்தார். மதராஸ் கடையின் பெயர் குழலில் ஏன் இருக்கிறது என்பதற்கு அதற்குமேல் விளக்கம் வேண்டாம். ஒரு வகையில் அந்தத் துப்பாக்கியும் நம் முன்னோர் வந்த கடல் வழியாகவே பினாங்குக்கு வந்திருக்கிறது.

இரண்டாவது, பெயர். தாத்தாவின் பெயரைத் தகட்டில் தவறாக எழுதியிருந்தார்கள். ஓர் எழுத்து கூடுதல். பையன் இதை ஒரு குறையாகக் கருதி வெட்கப்பட்டான். பாட்டி பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த பழைய உரிமப் புத்தகத்தைப் பிரித்தோம். அதிலும் அதே கூடுதல் எழுத்து. அந்நாளில் நம்மவர் பெயர்களைப் பதிவுக் குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதியது நாம் அறிந்ததே. பின்னாளில் ஏமாற்றுவதற்காகத் தகடு செய்பவன் பெயரைத் திருத்தமாக அல்லவா எழுதியிருப்பான்? அந்தப் புத்தகத்தில் துப்பாக்கியின் எண்ணும் இருந்தது. மேசைமீதிருந்த துப்பாக்கியின் எண்ணோடு ஒத்துப் பார்த்தோம். ஓர் இலக்கமும் பிசகவில்லை.

மூன்றாவது, அந்தக் கட்டை. பாட்டியிடம் ஒரு படம் உண்டு. துரையும் தாத்தாவும் பங்களா வாசலில் நிற்கிறார்கள். தாத்தா துரையின் தோளுக்கும் சற்றுக் கீழேதான் இருக்கிறார். கையும் குட்டை. பதினான்கு அங்குலக் கட்டையை அவர் தோளில் வைத்தால் விசைக்கு விரல் எட்டியிருக்காது. வெட்டிய கட்டை, தகட்டிலே பெயர் உள்ள மனிதரின் உடம்புக்கு அளவெடுத்தது! வியாபாரி எதைக் கேடு என்று சொன்னாரோ, அதுவே தகடு பொய்யல்ல என்பதற்கு முதல் சாட்சி. இந்த லீ வகைத் துப்பாக்கியில் பின்கட்டை தனித் துண்டு. உள்ளே செல்லும் நீண்ட போல்ட் ஒன்றைக் கழற்றினால் வந்துவிடும். வேறு கட்டை மாட்டுவது அரைமணி வேலை. அரைமணி வேலையில் தாத்தா மறைந்துவிடுவார். மிஞ்சுவது பி.எஸ்.ஏ. செய்த எத்தனையோ துப்பாக்கிகளில் ஒன்று.

இதைச் சொன்னபோது பையன் பாதிதான் ஒப்புக்கொண்டான். ஆசிரியர் புத்தி, எடுத்துக்காட்டு இல்லாமல் விடாது. ஆண்டுதோறும் பிள்ளைகளைக் கார்ன்வாலிஸ் கோட்டைக்குக் கூட்டிப் போகிறவன் நான். அவனையும் ஐந்தாம் வகுப்பில் கூட்டிப் போயிருக்கிறேன். அங்கே ஸ்ரீ ரம்பாய் பீரங்கியின்மேல் ஏறி உட்கார்ந்து திட்டு வாங்கியவன் அவன்தான்!

அந்தப் பீரங்கியின் கதை நம் பினாங்கு வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். ஹாலந்தில் 1603-இல் வார்த்த வெண்கலப் பீரங்கி. வார்த்தவர் பெயரும் ஆண்டும் அதிலேயே இருக்கின்றன. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியார் வாணிகச் சலுகைக்காக ஜொகூர் சுல்தானுக்கு அதைக் கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் ஆச்சே படை ஜொகூரை அழித்து, சுல்தானையும் பீரங்கியையும் கொண்டு சென்றது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அது சிலாங்கூருக்குப் போனது. 1871-இல் பினாங்குக் கப்பலொன்றைக் கடற்கொள்ளையர் பிடித்துச் சிலாங்கூருக்குக் கொண்டுபோன விவகாரத்தில், பிரிட்டிஷார் அவ்வூரைத் தாக்கிப் பீரங்கியைப் பறித்து இங்கே கொண்டுவந்தார்கள். நெடுங்காலம் எஸ்பிளனேடில் இருந்து, 1950-களில் கோட்டைக்குள் வந்தது. கடலில் கிடந்த பீரங்கி, துங்கு கூடின் நூலைக் கட்டி அழைத்ததும் மிதந்து வந்தது என்று ஒரு கதையும் உண்டு. பிள்ளை வரம் வேண்டி அதன் வாயில் பூ வைத்த பெண்களும் உண்டு.

இப்போது நமக்கு வேண்டியது வேறு. அந்தப் பீரங்கியின் உடலில் வெள்ளி பதித்த ஜாவானிய எழுத்து ஒன்று இருக்கிறது. 1613-இல் அது கைப்பற்றப்பட்டதைச் சொல்லும் எழுத்து. ஹாலந்துக்காரர் வார்த்தபோது இல்லாதது. பின்னால் வந்தவர்கள் வெட்டிப் பதித்தது. அசல் வேண்டும் என்று யாராவது அந்த வெள்ளியைச் சுரண்டி எடுத்துவிட்டு, 1603-இல் இருந்ததுபோல் ஆக்கினால் என்னவாகும்? டச்சுப் பீரங்கிகள் உலகத்தில் எத்தனையோ. அவற்றில் ஒன்று கூடும், ஸ்ரீ ரம்பாய் போய்விடும். இந்த நாட்டுப் பழைய டச்சுப் பீரங்கிகளைப் பற்றி 1953-இல் விரிவாக எழுதிய கிப்சன் ஹில், சிங்கப்பூர் ராஃபிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருந்தவர். அவரைப் போன்றவர்கள் வரலாற்றை எழுத முடிந்ததே, அந்தந்தக் கை தன் அடையாளத்தை விட்டுப் போனதால்தான்.

பீரங்கி பெரிய விஷயம், வேட்டைத் துப்பாக்கிக்கு அது பொருந்துமா என்று கேட்டால், ஜிம் கார்பெட்டின் துப்பாக்கியைச் சொல்லலாம். குமாவுன் மலைப்பகுதியில் சம்பாவத் என்ற ஊரருகே 1907-இல் அவர் சுட்ட பெண்புலி 436 பேரைக் கொன்றது என்பது அவர் தரும் கணக்கு. அதற்காக ஐக்கிய மாகாணத்தின் துணைநிலை ஆளுநர் ஹெவெட் அவருக்கு .275 ரிக்பி துப்பாக்கி ஒன்றைப் பரிசளித்தார். கட்டையில் வெள்ளித் தகடு. கொடுத்தவர் பெயர், பெற்றவர் பெயர், புலி, ஊர், ஆண்டு. ஹெவெட் அப்பதவிக்கு வந்தது 1907-இல்தான் என்பதும் தகட்டோடு ஒத்துப் போகிறது. வேடிக்கை என்னவென்றால், ரிக்பி என்பது லண்டன் கடையானாலும் உள்ளே இருக்கும் இயக்கம் ஜெர்மனியின் மௌசர். தோட்டாவும் ஜெர்மானியர் 7 மில்லிமீட்டர் என்று வைத்திருந்ததற்கு ஆங்கிலேயர் இட்ட மறுபெயர். ஒருவர் செய்ததை ஒருவர் முடித்து ஒருவர் தகடு அடித்த பொருள்தான் அதுவும். கார்பெட் 1947-இல் கென்யாவுக்குப் போனார், 1955-இல் அங்கேயே காலமானார். துப்பாக்கி அவர் நூல்களை வெளியிட்ட ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகத்திடம் இருந்து, 2015-இல் ரிக்பி நிறுவனத்துக்கே திரும்பியது. மறு ஆண்டு அதை இந்தியாவுக்குக் கொண்டுபோய்க் கார்பெட் வாழ்ந்த பகுதி மக்களுக்குக் காட்டினார்கள். அதைத் தேய்த்து மெருகு போடலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

"அவர் கார்பெட், சார். எங்க தாத்தா கிராணிதானே?" என்றான்.

நியாயமான கேள்வி. பணம் என்று வந்துவிட்டால் பெயர்தான் பேசும். அமெரிக்க அதிபராயிருந்த தியோடர் ரூஸ்வெல்ட் ஆப்பிரிக்க வேட்டைக்குக் கொண்டுபோன ஃபாக்ஸ் இரட்டைக்குழல் துப்பாக்கி, அவருக்கென்றே செய்தது என்ற எழுத்தோடு, 2010-இல் 862,500 டாலருக்கு ஏலம் போனது. நம் கிராணியார் பெயருக்கு ஏலக்கூடத்தில் யாரும் கை தூக்கமாட்டார்கள். அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. நம் நாட்டில் அதற்கு முன்னாலேயே சட்டம் நிற்கிறது. 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமில்லாமல் வைத்திருக்கவும் முடியாது, கைமாற்றவும் முடியாது. 1971-ஆம் ஆண்டின் கடுந்தண்டனைச் சட்டம் இன்னும் கடுமை. சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறை, ஆறுக்குக் குறையாத பிரம்படி. "வெளிநாட்டில் ஆள் இருக்கிறது" என்று சொல்லும் வியாபாரிக்கு அந்தப் பிரம்படி விழாது, பையனுக்கு விழும். இதை மட்டும் அவனிடம் சற்று உரத்த குரலில் சொன்னேன்.

வேட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தீபகற்பத்தில் இப்போது 150-க்கும் குறைவான புலிகளே மிஞ்சியிருப்பதாக 2020-இல் முடிந்த கணக்கெடுப்பு சொல்கிறது. வேட்டைப் பெருமை பேசும் காலம் போய்விட்டது, போனது நல்லதுதான். ஆனால் அந்தத் துப்பாக்கி சொல்லும் செய்தியில் வேட்டை பாதிகூட இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, துரைமார் கப்பல் ஏறியது, ஒரு கிராணி துரையின் பொருளைத் தன் கைக்கு அளவெடுத்துக்கொண்டது, ஒர்க்‌ஷாப்பில் பெயர் தெரியாத ஒரு ஃபிட்டர் பித்தளையை அராவிக் கொடுத்தது, எல்லாம் அதில் இருக்கிறது. நம் தோட்டங்கள் பல இன்று வீடமைப்புத் திட்டங்களாகிவிட்டன. லயமும் இல்லை, பெரட்டுக் களமும் இல்லை. தோட்டத்து மனிதர் ஒருவரின் உடல் அளவு பதிந்த பொருள் நம்மிடம் எத்தனை இருக்கிறது?

பெரியப்பாவின் யோசனையை நான் எளிதில் தள்ளிவிடவில்லை. துப்பாக்கி எப்படியும் அழிக்கப்படும் என்றால், தகடாவது வீட்டில் இருக்கட்டும் என்பது ஒரு தமையன் மனத்தின் நியாயம்தான். ஆனால் கழற்றிய தகடு யாரோ ஒருவருக்குச் சொன்ன நன்றி. எந்தத் துப்பாக்கி, யார் வெட்டிய கட்டை என்ற பேச்சு அத்தோடு போய்விடும். பாட்டி அவரை அழைத்து, "அவரு வெட்டின கட்டைய நீங்க யாரும் ஒட்ட வைக்கவும் வேணாம், பிரிக்கவும் வேணாம்" என்று சொல்லிவிட்டார். அதற்குமேல் அந்த வீட்டில் யார் பேச முடியும்?

கடைசியில் ஒரு மனு எழுதினோம். மலாயில் நான் எழுத, பையன் கையெழுத்திட்டான். துப்பாக்கியை இனிச் சுட முடியாதபடி செய்து, தகட்டோடும் வெட்டிய கட்டையோடும் ஓர் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கக் குடும்பம் சம்மதிக்கிறது, அதற்கு அனுமதி வேண்டும் என்பதே கோரிக்கை. உடன் எண்களும் முத்திரைகளும் தெரியும் படங்கள், உரிமப் புத்தகத்தின் நகல், பங்களா வாசல் படத்தின் நகல், கட்டையின் அளவு பன்னிரண்டரை அங்குலம் என்ற குறிப்பு. பாட்டி சொன்னவற்றையும் நான்கு பக்கத்தில் எழுதி, அவர் கைநாட்டோடு சேர்த்தோம். பெரியப்பாவும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

அதிகாரி வாங்கிக்கொண்டு, மேலிடத்துக்கு அனுப்பிப் பதில் சொல்வதாகக் கூறினார். பதில் இன்னும் வரவில்லை. துப்பாக்கி நிலையத்துப் பூட்டறையில் இருக்கிறது, தகட்டோடு.